பொன்னுருக்கிய பிறகு

1996 மே 4, சனி

தம்பியின் கலியாணத்துக்குத் தாலிப் பொன்னுருக்கு முடிந்தது. ஒன்பதே காலுக்குச் சுபநேரம். வீட்டுக்குள் உருக்கினால் புகை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்று நகைக்கடைக்காரர் முதலே சொல்லியிருந்தார். அதனால் கராஜுக்குள் வைத்தோம். பனி தள்ளும் சவளுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் குத்துவிளக்கு. தம்பி ராகுலன் வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றான். தாலிக்கான பவுண் உருகி ஒரு சொட்டாக உருண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவும் அப்பாவும் நிற்க வேண்டிய இடம். அவர்கள் கிளிநொச்சியில் யார் வீட்டிலோ இடம்பெயர்ந்து இருக்கிறார்கள். கடைசிக் கடிதம் வந்து ஐந்து மாதம்.

பெண்ணின் தாய் பாலேஸ்வரி அன்ரி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "இனிக் கலியாணம் நடக்கிற பத்தொன்பதாம் திகதி வரைக்கும் தம்பியை வெளியிலை விடாதையும் பிள்ளை. பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குள்ளைதான் நிக்கவேணும். பொம்பிளையோடை கதைக்கவும் கூடாது. சுபாங்கியை நானும் பூட்டித்தான் வைக்கப்போறன்."

"ஓம் அன்ரி" என்றேன். எனக்குப் பின்னால் மாடிப்படியின் கீழே அவனுடைய பயணப்பை, அடுக்கி முடிந்து சிப்பும் பூட்டியபடி. அதை மறைத்துக்கொண்டுதான் நின்றேன்.

நாளைக் காலை அவன் ட்ரக்கோடு வன்கூவர் போகிறான். இந்த ஒரு ஓட்டம் ஓடினால் கலியாணத்துக்கு மூன்று கிழமை லீவு, ஓடாவிட்டால் லீவே இல்லை என்று கொம்பனி சொல்லிவிட்டது. பொன்னுருக்கைப் பிந்தி வைக்கலாமென்றால் ஐயருக்கு வேறு நாள் இல்லை. "பதினாறாம் திகதி வந்து நிப்பன் அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான். நான்தான் சரி என்றேன். இங்கே அவனுக்கு மூத்தவள் என்று வேறு யார் இருக்கிறார்கள்?

கூடாது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

மே 5, ஞாயிறு

ஆறரைக்கு வெளிக்கிட்டான். திருநீறு பூசிவிட்டேன். பத்து மணிக்கே அன்ரியின் போன். தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டா. குளிக்கிறான் என்றேன். பதினொன்றரைக்குத் திரும்பவும் எடுத்தா. இன்னும் குளிக்கிறான் என்று சொல்ல வாய் வந்து, நல்ல காலம், நித்திரை என்று மாற்றினேன்.

மே 7, செவ்வாய்

தம்பியின் நாலு செக்கன் வந்தது. "தண்டர்பே தாண்டியாச்சு, சாப்பிட்டன், சுகம்."

இது அவன் கண்டுபிடித்த வித்தை. கலெக்ட் கோல் என்றால் அழைப்பு வருகிற வீட்டுக்காரர்தான் காசு கட்ட வேண்டும். அதனால் மெஷின் முதலில் அழைப்பவனைப் பெயர் சொல்லச் சொல்லும். அதற்கு நாலு செக்கன் விடும். அந்த நாலு செக்கனுக்குள் இவன் பெயரைச் சொல்லாமல் செய்தியைச் சொல்லிவிடுவான். மெஷின் அதை எனக்குப் போட்டுக் காட்டிவிட்டு, இந்த அழைப்பை ஏற்கிறீர்களா என்று கேட்கும். நான் போனை வைத்துவிடுவேன். ஒரு சதம் செலவில்லை. ஐந்து வருடமாக அவன் கனடா முழுக்க ஓடுவதும் நான் போனை வைப்பதும் இப்படித்தான். போனை வைப்பதில் நான் நல்ல கெட்டிக்காரி. என் மனுசன் ஸ்ரீதரன் பகிடி பண்ணுவார்: "சந்திரா, உனக்கு அந்தக் கை மட்டும் ஸ்பிரிங்கிலை செய்தது."

ஒருமுறையும் "ஏற்கிறேன்" என்று சொன்னதில்லை. ஏற்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அது பேசாமலே எங்களுக்குள் இருக்கிற ஒப்பந்தம்.

மே 9, வியாழன்

"கல்கரி. நல்ல வெயில்."

இங்கே ரொறன்ரோவில் மழைத்தூறல். வேலை செய்யும் கடையால் வந்து வெதர் சனலைப் போட்டேன். மேற்கே பசிபிக் கடலுக்குள் ஒரு நீலக்கோடு, தேங்காய் திருவலைப் பல்லுப் போல முனை முனையாக. கோல்ட் ஃப்ரண்ட், குளிர்காற்று முன்னேறி வரும் எல்லை என்றார்கள். சனிக்கிழமை கரையைத் தொடுமாம், ஞாயிறு மலைக்கு ஏறுமாம். கரையில் காற்றும் மழையும். மலையில் மழை வந்து, ஆலங்கட்டி வந்து, கடைசியில் பனி. மே மாதத்தில் பனியா என்று இவரிடம் கேட்டேன். "மலைக்கு மே தெரியுமே?" என்றார். இப்படி ஒரு மறுமொழி சொல்லி என் நித்திரையைக் கெடுக்க இவரால்தான் முடியும்.

அன்ரிக்கு இன்று சொன்னது: தம்பிக்குத் தடிமன், தொண்டை அடைத்துவிட்டது, கதைக்க ஏலாது. இதாவது இரண்டு நாளுக்குத் தாங்கும்.

மே 10, வெள்ளி

"வன்கூவர் வந்திட்டன், நாளைக்குச் சாமான் ஏத்திக்கொண்டு திரும்புறன்."

கோயிலுக்குப் போய் வந்தேன். போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அந்தக் கோடு முந்துமா, இவன் முந்துவானா?

மே 11, சனி

கலியாணப் பலகாரம், பயத்தம் பணியாரத்துக்கு மா வறுத்தேன். ரிவியில் கரையைக் காட்டினார்கள். கப்பல் போக்குவரத்து நிறுத்தம், மரங்கள் வீட்டுக் கூரையில். அரை மணித்தியாலம் கழித்து அதே இடத்தில் வெயில். பிறகு மீண்டும் இருட்டு. எதை நம்புவது? மாவைக் கருக்கிவிட்டேன்.

மூன்று மணிக்கு அவன்: "வெளிக்கிட்டாச்சு அக்கா, மழைதான், பயப்பிடாதை."

பயப்படாதே என்று அவன் இதற்குமுன் ஒருநாளும் சொன்னதில்லை. நாலு செக்கனுக்குள் அந்தச் சொல்லுக்கு ஏன் இடம் விட்டான்?

மே 12, ஞாயிறு

நான் என்ன செய்துவிட்டேன்.

பின்னேரம் நாலு மணி. அரியதரம் சுட்டுக்கொண்டு நின்றேன். எண்ணெய் கொதிக்கிறது, இரண்டு கையும் மா. போன் அடித்தது. முழங்கையால் தட்டி எடுத்துத் தோளில் இடுக்கினேன். மெஷின் இல்லை. ஒரு மனுசி. ஓப்பரேற்றர். ராகுலிடமிருந்து கலெக்ட் கோல், ஏற்கிறீர்களா என்று கேட்டாள். நான் "நோ, தாங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டு ஒரு அரியதரத்தைத் திருப்பியும் போட்டேன். அதற்குப் பிறகுதான் விளங்கியது. செய்தி எங்கே? இடத்தின் பெயர் எங்கே? அவள் பெயரை மட்டும்தானே சொன்னாள். மெஷின் இல்லாத இடத்திலிருந்து எடுத்திருக்கிறான். நாலு செக்கன் கிடைக்காத இடத்திலிருந்து. வைக்கும்போது பின்னால் அவன் குரல் கேட்டது, "அக்கா" என்று. கேட்டது. கேக்கேல்லை எண்டு என்னாலை பொய் சொல்ல ஏலாது. காது கேட்டது, கை வைச்சிட்டுது.

கடைசியாக வந்த அழைப்பைத் திருப்பிப் பிடிக்க ஸ்ரார் அறுபத்தொன்பது அமத்தினேன். அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுக்க முடியாது என்றது. கொம்பனிக்கு அடித்தேன், ஞாயிற்றுக்கிழமை, பதிவுக் குரல்தான். ரிவியில் மலையைக் காட்டினார்கள். ரெவெல்ஸ்ரோக் என்ற ஊருக்குக் கிழக்கே பனி சரிந்து வீதி இரண்டு பக்கமும் மூடியாம். ட்ரக்குகள் வரிசையாக, மேலே வெள்ளை. நீலக்கோடு சரியாக அந்த இடத்தின் மேல் கிடக்கிறது. ஒவ்வொரு ட்ரக்காகப் பார்த்தேன். எல்லா ட்ரக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அடுப்பை இவர்தான் வந்து நிறுத்தினார்.

மே 13, திங்கள்

கொம்பனியில் ஒருவன் எடுத்தான். வீதி மூடியிருக்கிறது, உங்கள் தம்பியிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, அந்தப் பக்கம் போன் லைன்களும் விழுந்துவிட்டன என்றான். வெறும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல வாசித்தான். இவர் அந்த மாகாணப் பொலிசுக்கு எடுத்துக் கேட்டார். விபத்தில் அடிபட்டவர்களில் அந்தப் பெயர் இல்லையாம். "இல்லையெண்டால் நல்லதுதானே" என்றார் இவர். இன்னும் எண்ணி முடியவில்லை என்றும் இருக்கலாமே. அதை நான் சொல்லவில்லை.

காலையிலிருந்து மூன்று தரம் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை. மூச்சு மட்டும். "தம்பியோ? தம்பியோ?" என்று கத்தினேன். வைத்துவிட்டார்கள். அவனாக இருக்குமோ? கதைக்க முடியாமல் இருக்கிறானோ? ஏன் கதைக்க முடியாது?

மத்தியானம் கதவு மணி. திறந்தால் பாலேஸ்வரி அன்ரி, கையில் பிளாஸ்க். மாப்பிள்ளையின் தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர் காய்ச்சிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறா. என் பொய்க்கு இந்த மனுசி இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறா.

மேலே தம்பியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. "இப்பதான் கண்ணயர்ந்தவன்" என்றேன். "எழுப்பாதையும், எழுப்பாதையும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சோபாவின் நுனியில் இருந்தா. வெற்று அறைக்காக நாங்கள் இரண்டு பேரும் அரை மணித்தியாலம் குசுகுசுத்துக் கதைத்தோம். ரிவியில் மலை. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஏன் பிள்ளை உந்த வெதரையே பாத்துக்கொண்டிருக்கிறீர்?"

"கலியாணத்தண்டு மழை வருமோ எண்டுதான் அன்ரி."

"மழை வந்தாலும் நல்லதுதான்" என்றா. ரிவியில் மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் பனிக்குள் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரையாவது தேடுகிறார்களா? "பாவங்கள், ஆர் பெத்த பிள்ளையளோ" என்றா அன்ரி. நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவ போன பிறகு பிளாஸ்க்கைத் திறந்து குடிநீர் முழுவதையும் நானே குடித்தேன். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. நல்ல காரம்.

மே 13, இரவு

அம்மா, நான் போக விட்டது ஒரு பிழை. போனை வைச்சது ரெண்டாவது பிழை. ரெண்டாவதை உங்களுக்கு எப்பிடி எழுதுவன்?

மே 14, செவ்வாய்

கடைக்குப் போகாமல் இருக்கப் பார்த்தேன். வீட்டில் இருந்தால் போனைப் பார்த்தே பைத்தியம் பிடிக்கும், போ என்று இவர் அனுப்பினார். காசுப்பெட்டியடியில் நின்றேன். பதினொரு மணிபோல ஒரு பிள்ளை வந்தது, தலையை மூடிய குளிர்க்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, மே மாதத்தில். ஒரு பிடி கறிவேப்பிலையை மேசையில் வைத்தது.

"மச்சாள், நான்தான்."

சுபாங்கி. கலியாணப் பெண். பூட்டி வைத்திருக்க வேண்டிய பெண்.

"நேற்று மூண்டு தரம் எடுத்தனான். நீங்கள் எடுத்த உடனை தம்பியோ தம்பியோ எண்டு கத்துறியள். அம்மா கதவடியிலை வந்து நிக்கிறா. நான் என்னெண்டு கதைக்கிறது? அம்மா உங்கடை வீட்டை வந்த நேரம் எடுக்கலாமெண்டால், அங்கை அவ இருப்பாவே. இண்டைக்கு அம்மா கோயிலுக்குப் போட்டா, ஓடி வந்தனான்."

"அவன் எங்கை?"

"சேஃபா இருக்கிறார் மச்சாள். ஞாயிற்றுக்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம் எங்கடை வீட்டுக்கு எடுத்தவர், கலெக்டிலை. நான் யெஸ் எண்டு சொன்னன். சொல்லத்தானே வேணும்?"

சொல்லத்தானே வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எங்கள் வித்தை தெரியாது. யாராவது கூப்பிட்டால் எடுத்துக் கதைக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

பனிக்குள் ட்ரக் சறுக்கி ஓரத்தில் இறங்கியிருக்கிறது. ஸ்ரியறிங்கில் மோதி நெற்றியில் இரண்டு தையல். வேறொன்றும் இல்லை. ரெவெல்ஸ்ரோக்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்க விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு போன், அதற்கு வரிசை. என்னிடம் எடுத்து நான் வைத்த பிறகு, வரிசையில் பின்னால் நின்றவனைக் கெஞ்சித் திரும்ப ஒருமுறை எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு லைன் போய்விட்டது. வீதி இன்று திறக்குமாம்.

"அக்காவுக்குச் சொல்லிவிடு எண்டு சொன்னவர். நீங்கள் வைச்சிட்டியள் எண்டும் சொன்னவர். அக்காவிலை பிழையில்லை, நான் பழக்கினதுதானே எண்டு சிரிச்சவர்."

சிரித்தானாம். நான் அங்கேயே கறிவேப்பிலைக்கு மேல் குனிந்து அழுதேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முதுகைத் தடவினாள். இரண்டு நாள் முந்திச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளை அடிக்கவும் தோன்றியது, பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் கதைத்தீர்கள் என்று கேட்டேன். பதினொரு நிமிசம் என்றாள். எனக்கு ஐந்து வருடமாக நாலு செக்கன். அப்படி நினைத்தது வெட்கம்தான். ஆனாலும் நினைத்தேன்.

மே 16, வியாழன்

வந்து நிற்பேன் என்று சொன்ன நாள் இன்று. இன்னும் வழியில்.

நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. இவர் எடுத்திருக்கிறார். "'வினிப்பெக், சனிக்கிழமை வந்திடுவன்' எண்டு கேட்டுது. வைச்சிட்டன்" என்றார். வைத்துவிட்டாராம். இந்த வீட்டில் எல்லோருக்கும் கை ஸ்பிரிங்கில்தான் செய்தது. இவரோடு ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை.

மே 17, வெள்ளி

அந்தக் கோடு இங்கே வந்துவிட்டது. காலையில் வெக்கை, மத்தியானம் இடி, இப்போது சுவெற்றர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவனைத் துரத்திக்கொண்டு நாடு முழுக்க வந்து அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

மே 18, சனி

எட்டு நாற்பதுக்கு ரக்சியால் இறங்கினான். தாடி. நெற்றியில் வெள்ளைத் துணி. அவனைத் திட்டிப் பேச வேண்டும் என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். "பேசன் அக்கா, எல்லாத்தையும் பேசு" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "சாப்பிட்டியோ?" என்றுதான் கேட்டேன்.

தையலை இவர் பார்த்தார். "தலைப்பாகை மறைக்கும்" என்றார். இந்த இரண்டு கிழமையில் இவர் சொன்ன ஒரே உருப்படியான வசனம்.

மே 19, ஞாயிறு

தலைப்பாகையைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டினார்கள். நேரத்துக்குத் தாலி ஏறியது. "மாப்பிள்ளை நல்லா மெலிஞ்சு போனார், உந்தத் தடிமன் பொல்லாதது" என்றா அன்ரி. சுபாங்கி குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஜூன் 20, வியாழன்

பாலேஸ்வரி அன்ரி வந்தா. கையில் அவவின் ரெலிபோன் பில். சுபாங்கியும் ராகுலனும் வேலைக்குப் போயிருந்தார்கள், நான் தனிய. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்தா: மே பன்ரண்டு, பிரிட்டிஷ் கொலம்பியா, கலெக்ட், பதினொரு நிமிசம்.

"அதுக்கு அடுத்த நாள்தான் நான் குடிநீர் கொண்டு வந்தனான். மேலை நித்திரை கொண்டது ஆர் பிள்ளை?"

சொன்னேன். பயணப்பையிலிருந்து அரியதரச் சட்டி வரைக்கும் எல்லாம் சொன்னேன். அன்ரியின் முகம் இறுகிக்கொண்டே போனது. கலியாணம் முடிந்துவிட்டது, இனி என்ன என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

"நெத்தியிலை இருக்கிற அடையாளம் அதுதானோ?"

"ஓம் அன்ரி."

"குடிநீர்?"

"நான் குடிச்சனான்."

பில்லை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. எழும்பினா. வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னா: "பொன்னுருக்கின பிறகு விட்டது பிழைதான். அதை நான் மறக்கமாட்டன். ஆனால் அண்டைக்கு எனக்குச் சொல்லியிருந்தால், நானும் உம்மோடை இருந்து அந்த ரிவியைப் பாத்திருப்பன். தனிய இருந்து பாத்தனீரே."

அவ போய் வெகுநேரம் நான் கதவடியிலேயே நின்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

ராகுலன் திரும்ப ஓட்டத்தில். சுபாங்கிக்கு வேலை முடிய ஆறு மணியாகும். மூன்று மணிக்குப் போன். மெஷின்தான். நாலு செக்கனும் வந்தது: "வினிப்பெக், மழை, சுகம்." ஏற்பதென்றால் இலக்கம் ஒன்றை அமத்தச் சொன்னது. கை தன் பாட்டில் வைக்கப் போனது. மற்றக் கையால் ஒன்றை அமத்தினேன்.

அவன் குரல், நடுங்கிக்கொண்டு: "அக்கா? என்ன நடந்தது? ஆருக்கு என்ன? அம்மாவுக்கோ?"

அவனுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும், நான் போனை வைக்கிற ஒவ்வொரு தரமும், அவன் அங்கே நிம்மதியாய் மூச்சு விட்டிருக்கிறான்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றேன். "சும்மாதான் எடுத்தனான். கதை."

"என்னத்தைக் கதைக்கிறது அக்கா?"

"மழை எண்டனி. எப்பிடி மழை?"

சொல்லத் தொடங்கினான். பத்து நிமிசம் வினிப்பெக் மழையைப் பற்றி மட்டும் கதைத்தோம்.